ரோமன் தூண்களுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிற உமையா காலத்து ஊரை எப்படி கண்டுபிடிக்கிறது: ஜெராஷை வச்சு ஒரு வழிகாட்டி

ஜோர்டான் போற நம்ம ஆளுங்க பெரும்பாலும் பெட்ரா பாத்துட்டு, டைம் இருந்தா அம்மான்ல இருந்து ஒரு 50 கிலோமீட்டர் வடக்கே ஜெராஷுக்கு ஒரு அரை நாள் போயிட்டு வருவாங்க. ஹாட்ரியன் வளைவு, ஓவல் மைதானம், தியேட்டர், ஆர்ட்டெமிஸ் கோயில், நாலு போட்டோ, முடிஞ்சுது. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன், கூட வந்த கைடும் ரோமன் கதைய ஒன்றரை மணி நேரம் சொல்லிட்டு கடைசில "அப்புறம் அரபுகள் வந்தாங்க, நிலநடுக்கம் வந்துச்சு, ஊர் அழிஞ்சுபோச்சு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. அந்த ஒரு வரிக்குள்ள நூறு வருஷத்துக்கு மேல ஒரு ஊர் முழுசா வாழ்ந்திருக்கு, கடை போட்டிருக்காங்க, பானை சுட்டிருக்காங்க, தொழுதிருக்காங்க, சர்ச்சுக்கு போயிருக்காங்க, வீடு ரிப்பேர் பண்ணியிருக்காங்க. அது எல்லாமே அங்கயே தரையில இருக்கு, நாம அது மேலயே நடந்து போறோம். அதை எப்படி கண்ணுல பிடிக்கிறதுன்னுதான் இதுல சொல்லப் போறேன்.

போறதுக்கு முன்னாடி சில வருஷங்களை மட்டும் மனசுல வச்சுக்கங்க, இது இல்லாம போனா எல்லா கல்லும் ஒரே கல்லாத்தான் தெரியும். 129, 130 வாக்குல ரோமப் பேரரசர் ஹாட்ரியன் இந்த ஊருக்கு வந்தாரு, அப்ப ஊர் பேரு கெரசா, அந்தக் காலத்து வளைவுதான் நீங்க உள்ள போகும்போது பாக்குறது. 4ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம் ஊர் கிறிஸ்தவ ஊரா மாறுது, வரிசையா சர்ச் கட்டுறாங்க, வருஷம் பொறிச்சதுல கடைசியா நமக்குத் தெரிஞ்சது 611ல கட்டின பிஷப் ஜெனேசியஸ் சர்ச். 636ல யர்முக் போர், அரபு முஸ்லிம் படைகிட்ட பைசாண்டியப் படை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசோட படை, தோக்குது. 661ல உமையா வம்சத்து முஆவியா கலீஃபா, அதாவது முஸ்லிம் பேரரசோட தலைவர், ஆகி டமாஸ்கஸ் தலைநகரம் ஆகுது, அதாவது ஜெராஷ் திடீர்னு ஒரு பெரிய பேரரசோட தலைநகருக்குப் பக்கத்து ஊர். 749ல பயங்கர நிலநடுக்கம். 750ல உமையாக்கள் கைல இருந்து ஆட்சி அப்பாஸியர்களுக்குப் போகுது, கொஞ்ச வருஷத்துல தலைநகரமே பாக்தாத்துக்கு நகந்துடுது. இவ்வளவு போதும்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம், "படையெடுத்து வந்து ஊரை இடிச்சாங்க"ங்கிற படத்தை மனசுல இருந்து முதல்ல எடுத்துடுங்க. இந்தப் பக்கத்து ஊர்கள்ல எவ்வளவோ இடத்துல தோண்டியிருக்காங்க, 630கள்ல எரிச்சு இடிச்சதைக் காட்டுற மண் அடுக்குன்னு ஒண்ணு பொதுவா கிடைக்கவே இல்ல. ஊர்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டு சரணடைஞ்சிருக்கு, மறுநாள் காலையில அதே குயவர் அதே சக்கரத்துல உக்காந்திருக்காரு. அதனாலதான் பானையை மட்டும் வச்சுக்கிட்டு "இது 630, இது 640"ன்னு பிரிக்கிறது தொல்லியல்காரங்களுக்கே கஷ்டமா இருக்கு.

சரி, இப்ப உள்ள போங்க. ஓவல் மைதானத்துல இருந்து வடக்கே போற தூண் வரிசைத் தெரு இருக்கில்ல, கார்டோன்னு சொல்வாங்க, அதுல நடக்கும்போது மேல பாக்காதீங்க, கீழ பாருங்க. முதல்ல தரைக் கல்லுல வண்டிச் சக்கரம் போய்ப் போய் தேஞ்ச தடம் தெரியும். ரோமன் காலத்துக்கு அகலமான நேரான தெரு ஏன் தேவைப்பட்டுச்சுங்கிறதுக்கு அதுவே ஒரு பதில், வண்டி போகணும், ஊர்வலம் போகணும். அப்புறம் மெதுவா வண்டி குறைஞ்சு ஒட்டகம், கழுதை மேல சுமை ஏத்துறது அதிகமாகுது, ஒட்டகத்துக்கு எதுக்கு பத்து பன்னெண்டு மீட்டர் அகலத் தெரு? ரெண்டு ஒட்டகம் ஒண்ணை ஒண்ணு கடந்து போற அளவு இருந்தா போதும். மிச்ச இடம் வியாபாரிக்கு.

அடுத்து ரெண்டு தூணுக்கு நடுவுல பாருங்க. எங்கயாவது தூணை ஒட்டி மட்டமா ஒரு சுவர், செதுக்காத சின்னக் கல்லு, இல்ல வேற எங்கயோ இருந்து எடுத்துட்டு வந்து படுக்க வச்ச அலங்காரக் கல்லு, ஒரு வாசப்படி, இதெல்லாம் கண்ணுல பட்டா நில்லுங்க. அது பின்னாடி வந்தவங்க போட்ட கடையோட சுவரா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. முதல்ல தூணுக்குப் பின்னாடி இருக்கிற நடைபாதைய அடைச்சு கடை, அப்புறம் தூணுக்கு முன்னாடி தெருவுல ஒரு தட்டி, அப்புறம் அந்தத் தட்டி சுவராகுது, கடைசில ஒரு அகலத் தெரு ரெண்டு மூணு சந்தா பிரிஞ்சு சூக், அதாவது கடைவீதி, ஆகுது. பிரெஞ்சு ஆய்வாளர் ழான் சோவாஜே இதை படிப்படியா வரைபடமாவே போட்டுக் காட்டினாரு, அலெப்போ மாதிரி ஊர்களை வச்சு. அந்த வரைபடம் அழகா இருக்கும், ஆனா அவரு அதை ஒரு சீரழிவாப் பாத்தாரு, ஒழுங்கா இருந்த ஊர் ஒழுங்கு கெட்டுப்போச்சுங்கிற மாதிரி. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. தெருவை ஜனங்க நெருக்கி அடிச்சு கடையா ஆக்குறாங்கன்னா அங்க வியாபாரம் நடக்குதுன்னுதானே அர்த்தம், செத்துப்போன ஊர்ல எவன் வந்து தெருவுல கடை போடுவான்?

இதுல இன்னொரு தப்பும் பண்ணிடாதீங்க, தெருவுல நீட்டிக் கட்டின சுவர் எல்லாமே இஸ்லாமிய காலம்னு முடிவு பண்ணிடக் கூடாது. ஹியூ கென்னடிங்கிற வரலாற்றாசிரியர் 1985லயே ஒரு நீண்ட கட்டுரையில இதைத் தெளிவாச் சொல்லிட்டாரு, இந்த மாற்றம் முஸ்லிம்கள் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு. யோசிச்சுப் பாருங்க, கோயில் மூடியாச்சு, தியேட்டருக்கு செலவு பண்ற பழைய பணக்காரக் குடும்பங்களும் நகர சபையும் பலம் இழந்தாச்சு, 541, 542ல ஜஸ்டினியன் காலத்து கொள்ளைநோய் வேற, பாரசீகப் போர் வேற. தெரு அகலத்தைக் காப்பாத்த அதிகாரம் உள்ள ஆளு ஊர்ல இல்லன்னா பக்கத்துக் கடைக்காரர் ரெண்டு அடி முன்னாடி வரத்தான் செய்வாரு. ஜெராஷ்லயே சர்ச்சுகளைப் போய்ப் பாருங்க, 5ஆம் 6ஆம் நூற்றாண்டு சர்ச்சுல கோயில்ல இருந்து எடுத்த தூண் இருக்கும். பழைய கல்லை எடுத்துப் புதுசா கட்டுற பழக்கம் அப்பவே இருக்கு. அதனால கல்லு பழசா இருக்கிறது கட்டடத்தோட வயசைச் சொல்லாது, கல்லை எப்படி அடுக்கியிருக்காங்கங்கிறதுதான் சொல்லும்.

இப்ப போனை எடுத்து காம்பஸை ஓப்பன் பண்ணுங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. நம்ம ஊர்ல பள்ளிவாசல்னா மேற்கே பாத்து தொழுறதைப் பாத்துப் பழகியிருப்போம், அங்க போய் மேற்கைத் தேடினா ஒண்ணும் கிடைக்காது, ஜெராஷ்ல இருந்து மக்கா தெற்கே, கொஞ்சம் கிழக்கா சாஞ்சு, சுமாரா 160 டிகிரி. ஆரம்ப காலப் பள்ளிவாசல்கள் இவ்வளவு துல்லியமா இருக்காது, சுமாரா தெற்குப் பக்கமா இருக்கும், ஆனா முக்கியமான விஷயம் என்னன்னா அது ரோமன் தெருவோட கோட்டுக்கு ஒத்துப் போகாது. ரோமன் கட்டடம் எல்லாம் தெருவுக்கு இணையா நிக்கும், நடுவுல ஒரு சுவர் மட்டும் கோணலாத் திரும்பி நின்னா அங்க போய்ப் பாருங்க.

ஓவல் மைதானத்துல இருந்து வடக்கே நடந்து, எண்கோண முற்றம் வச்ச பழைய மார்க்கெட்டைத் தாண்டினா, நாலு பெரிய பீடம் இருக்கிற வட்டமான நாற்சந்தி வரும், தெற்கு டெட்ராகியோனியான்னு பேரு. அதுக்குத் தென்மேற்கு மூலையில, அதாவது உங்களுக்கு இடது கைப் பக்கம், இடுப்பளவுகூட இல்லாத சுவர்கள் கொஞ்சம் கோணலா ஓடும். பெரும்பாலான ஆளுங்க அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அதுதான் ஜெராஷோட ஜும்மா பள்ளிவாசல். 2002ல ஆரம்பிச்ச டென்மார்க், ஜோர்டான் கூட்டு அகழாய்வுல ஆலன் வாம்ஸ்லி தலைமையில வெளிய கொண்டு வந்தாங்க. சுமார் 45 மீட்டருக்கு 39 மீட்டர், ஊருக்கு நட்ட நடுவுல, பழைய குளியல் கூடம் ஒண்ணு இருந்த இடத்துல கட்டியிருக்காங்க, காலம் 8ஆம் நூற்றாண்டு முதல் பாதி. தூண்கள் எல்லாம் பழைய கட்டடத்துல இருந்து எடுத்தது. பள்ளிவாசல் ஒரு கோணம், தெரு ஒரு கோணம், அதனால ரெண்டுக்கும் நடுவுல கோணலா இடம் மிஞ்சுது பாருங்க, அந்த இடத்தை வீணாக்காம கடைகளாக் கட்டிட்டாங்க. அந்தக் கடை வரிசையில ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, எதிர்ல கார்டோ, பின்னாடி தொழுகை இடம், பக்கத்துல நாற்சந்தி. ஊர்ல அதிக ஜனம் நடக்கிற மூலை எதுன்னு தெரிஞ்சுதான் அந்த இடத்தை எடுத்திருக்காங்க.

இது கண்டுபிடிக்கிற வரைக்கும் "ஜெராஷ்ல முஸ்லிம்கள் அவ்வளவா இல்ல, ஒரு சின்ன பள்ளிவாசல்தான் இருந்துச்சு"ன்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, இவ்வளவு பெரிய கட்டடம் தெருவை ஒட்டியே கிடந்திருக்கு. எதைத் தேடுறோமோ அதுதான் கிடைக்கும்ங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் நான் பாத்ததில்ல.

நாற்சந்தியில இருந்து மேற்கே போற தெருவுல திரும்பினீங்கன்னா போலந்து குழு தோண்டின உமையா காலத்து வீடு ஒண்ணு இருக்கு, தெருவோரமா, நடுவுல முற்றம் வச்சு சுத்தி அறைகள். இதை ரொம்ப நேரம் பாக்க வேண்டியதில்ல, ஆனா வாசல் எங்க இருக்கு, முற்றம் எங்க இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வாங்க. ஊரோட அழகு தெருப் பக்கம் இருந்ததுல இருந்து முற்றத்துப் பக்கம் திரும்புறது அங்க புரியும்.

அங்க இருந்து மேல ஏறி ஆர்ட்டெமிஸ் கோயில் முற்றம். எல்லாரும் தூணு ஆடுதான்னு ஸ்பூனைச் சொருகிப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, நீங்க முற்றத்துத் தரையில சூளை இருந்த இடத்தைத் தேடுங்க. பூசை நின்னுபோன கோயில் முற்றம், பக்கத்துல இருக்கிற வடக்கு தியேட்டர், ரெண்டுமே குயவர் பட்டறை ஆகியிருக்கு, தியேட்டருக்குள்ளயே உமையா காலத்து சூளைகள் கிடைச்சிருக்கு. இதைக் கேட்டதும் "ஐயோ கோயிலையும் தியேட்டரையும் இப்படிப் பண்ணிட்டாங்களே"ன்னு தோணும், ஆனா அந்தக் கட்டடங்கள் அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே சும்மாக் கிடந்தது. உயரமான சுவர், காத்துக்கு மறைப்பு, திறந்த முற்றம், குயவருக்கு இதை விட நல்ல இடம் எங்க கிடைக்கும்? இந்தப் பட்டறைகள் செஞ்ச சரக்கு சுத்துவட்டாரம் எல்லாம் போயிருக்கு. ஜெராஷ் விளக்குன்னே தனியா ஒரு வகை உண்டு, அச்சுல வார்த்த மண் விளக்கு, சிலதுல அரபில செஞ்சவர் பேரு, ஜெராஷுங்கிற ஊர் பேரு, ஹிஜ்ரி வருஷம் எல்லாம் எழுதியிருக்கும். எந்த மியூசியத்துல பாத்தாலும் நின்னு பாருங்க, ஒரு குயவர் தன் பேரையும் தேதியையும் போட்டு வித்திருக்காரு.

மியூசியம்னு சொன்னதும் காசுப் பெட்டியையும் விட்டுடாதீங்க. அரபு ஆட்சி ஆரம்பத்துல புதுக் காசு அடிக்கல, பைசாண்டியக் காசு மாதிரியே செப்புக் காசு அடிச்சாங்க. ஜெராஷ்லயும் பக்கத்து பைசான்லயும் ரெண்டாம் ஜஸ்டினும் ராணி சோஃபியாவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கிற பழைய காசைப் பாத்து அப்படியே அடிச்சிருக்காங்க, அந்த ராஜா செத்து அதுக்குள்ள எத்தனையோ வருஷம் ஆகியிருந்துச்சு. 690கள் கடைசில கலீஃபா அப்துல் மலிக் தங்கக் காசுல உருவமே இல்லாம வெறும் எழுத்து மட்டும் கொண்டு வந்தாரு. அதனால உருவம் இருக்கிற காசு, எழுத்து மட்டும் இருக்கிற காசுன்னு பிரிச்சாலே கண்ணாடிப் பெட்டிக்குள்ள காலம் எப்படி நகருதுன்னு தெரிஞ்சிடும்.

சர்ச்சுகளுக்கு வருவோம். இங்கதான் பலர் கணக்கு தப்பாப் போடுவாங்க, இஸ்லாமிய ஆட்சி வந்ததும் சர்ச் நின்னுபோச்சுன்னு. நிக்கல. ஜோர்டான்ல உம் அல் ரசாஸ் போனீங்கன்னா அங்க புனித ஸ்டீபன் சர்ச்சோட மொசைக் தரை, அதாவது சின்னச் சின்ன கல்லு பதிச்சு படம் போட்ட தரை, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முழுக்க முஸ்லிம் ஆட்சிக் காலம், அதுல ஊர் ஊரா படம் போட்டு பேரு எழுதியிருக்காங்க. நிறைய தரைகள்ல மனுஷ உருவம், மிருக உருவம் எல்லாம் எடுக்கப்பட்டு இருக்கும். அதைப் பாத்ததும் யாரோ உடைச்சுட்டாங்கன்னு நினைக்காம குனிஞ்சு கல்லைப் பாருங்க. அதே சின்னச் சின்ன கல்லையே எடுத்துக் கலைச்சுப் போட்டு, தரை குழி விழாம, ரொம்பக் கவனமா மூடியிருப்பாங்க. தரையை இவ்வளவு பாத்துப் பாத்து மூடினவங்க அந்த சர்ச்சைப் பயன்படுத்திக்கிட்டு இருந்தவங்களாத்தான் இருக்கணும். மாதபாவுக்குப் பக்கத்துல மாயின்ல ஒரு தரையில மாட்டு உருவத்தை எடுத்துட்டு அந்த இடத்துல செடி வச்சிருக்காங்க, ஆனா குளம்பும் வாலும் மட்டும் இன்னும் தெரியும்.

இப்ப 749க்கு வருவோம். ஜெராஷோட வடமேற்கு மேட்டுல டென்மார்க், ஜெர்மனி குழு ஒண்ணு வீடுகளைத் தோண்டுச்சு, நிலநடுக்கத்துல இடிஞ்சு அப்படியே மூடிப்போன வீடுகள். ஒரு வீட்டுல ஒரு தொட்டி நிறைய மொசைக் கல்லு, ஆயிரக்கணக்கா, வெள்ளையா, தரை போடுறதுக்குத் தயாரா வச்சது. அந்த வீட்டுல அப்ப வேலை நடந்துக்கிட்டு இருந்திருக்கு, தரை போடணும், வீட்டை அழகாக்கணும்னு காசு செலவு பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க, அன்னைக்குன்னு பாத்து பூமி ஆடியிருக்கு. பக்கத்து வீட்டுல ஈய உறைக்குள்ள சுருட்டி வச்ச வெள்ளித் தகடு ஒண்ணு கிடைச்சுது, தாயத்து மாதிரி, அதை விரிச்சா உடைஞ்சுடும்னு ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டர்லயே விரிச்சுப் பாத்தாங்க, அரபி மாதிரியே இருக்கு ஆனா படிக்க முடியாத எழுத்து. ஊர் தேஞ்சு தேஞ்சு செத்துச்சுன்னு சொல்றவங்க கிட்ட நான் இந்தத் தொட்டியைத்தான் சொல்வேன். நிலநடுக்கத்துக்கு அப்புறமும் ஊர் ஒரேயடியா காலியாகல, சின்ன அளவுல ஜனங்க தொடர்ந்து இருந்திருக்காங்க.

ஒரு எச்சரிக்கை. நீங்க பாக்குற ஜெராஷ் 2ஆம் நூற்றாண்டு ஜெராஷ் மாதிரி பளிச்சுன்னு இருக்கிறதுக்குக் காரணம், 1920கள், 30கள்ல தோண்டினவங்க ரோமன் தரை தெரியணும்னு மேல இருந்த பின்காலத்து சுவர்களை எடுத்துட்டாங்க. அதனால தெரு காலியா இருக்கிறதைப் பாத்து "இங்க கடை இருந்ததில்ல"ன்னு சொல்ல முடியாது. எனக்கு இதை நினைச்சா இப்பவும் வருத்தமா இருக்கும், ஒரு காலத்தைக் காட்டுறதுக்காக இன்னொரு காலத்தைத் துடைச்சுட்டாங்க. பழைய போட்டோக்கள் கிடைச்சா, தோண்டுறதுக்கு முன்னாடி எடுத்தது, அதைப் போன்ல சேவ் பண்ணிட்டுப் போய் அதே இடத்துல நின்னு ஒப்பிட்டுப் பாருங்க.

போக முடியாதவங்க வீட்டுல இருந்தே இந்த வேலையைச் செய்யலாம். மேப்ல சாட்டிலைட் படத்தை வச்சு டமாஸ்கஸ் பழைய ஊரை எடுங்க. கிழக்கு மேற்கா ஒரு தெரு ஊரை வெட்டிக்கிட்டுப் போகும், பைபிள் படிச்சவங்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகள்ல வர்ற நேர்த்தெரு ஞாபகம் இருக்கும், அதேதான், சுமார் 1500 மீட்டர், இன்னைக்கு அதுல ஒரு பகுதி மித்ஹத் பாஷா சூக். ரோமன் காலத்துல இருந்ததை விட எவ்வளவு ஒடுங்கியிருக்குன்னு பாருங்க. அதுக்கு வடக்கே ஒரு பெரிய செவ்வகம், சுமார் 157க்கு 100 மீட்டர், அது உமையா பள்ளிவாசல். ஜுபிட்டர் கோயிலோட சுத்துச் சுவர், அதுக்குள்ள யோவான் ஸ்நானகன் சர்ச், அதை எடுத்துட்டு கலீஃபா முதலாம் வலீத் 706ல ஆரம்பிச்ச பள்ளிவாசல். ஹமீதியே சூக் முடியுற இடத்துல கோயிலோட தூண்கள் இன்னும் நிக்குது, அதுக்குக் கீழ ஜனங்க நடந்து போறாங்க.

அப்புறம் லெபனான்ல அஞ்சார். இதைக் கண்டிப்பாப் பாருங்க, ஏன்னா "முஸ்லிம் ஊர்னா கோணல் சந்து"ங்கிற எண்ணம் அங்க உடைஞ்சுடும். வலீத் காலத்துல புதுசா கட்டின ஊர், சுத்தி மதில், நாலு வாசல், ரெண்டு நேர்த்தெரு நடுவுல வெட்டிக்குது, வெட்டுற இடத்துல நாலு தூண் கூட்டம், தெரு நெடுக கடை. அசப்புல ரோமன் ஊர்னே நினைச்சுடுவீங்க. பைசான்லயும் இதே கதை, கலீஃபா ஹிஷாம் 737, 738 வாக்குல அழகான புது மார்க்கெட் கட்டி, நீலத்துல தங்க எழுத்தா கண்ணாடி மொசைக்ல கல்வெட்டு வச்சாரு, ஹிஜ்ரி 120ன்னு வருஷமும் போட்டு. பத்துப் பன்னெண்டு வருஷம்தான் நின்னுச்சு, 749ல அப்படியே விழுந்துடுச்சு. சிரியால ருசாஃபாவுல ஹிஷாம் கட்டின பள்ளிவாசல் புனித செர்ஜியஸ் சர்ச்சை ஒட்டியே இருக்கு, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரே முற்றம்.

ஊர் பேரையும் கவனிங்க, அது இலவசமாக் கிடைக்கிற தடயம். ஃபிலடெல்ஃபியா திரும்ப அம்மான் ஆச்சு, ஸ்கித்தோபொலிஸ் பைசான் ஆச்சு, பெல்லா ஃபஹ்ல் ஆச்சு. இதெல்லாம் அரபுகள் புதுசா வச்ச பேரு இல்ல, கிரேக்கப் பேருக்கு முன்னாடி இருந்த பழைய பேரு. ஆயிரம் வருஷமா ஆபீஸ்ல கிரேக்கப் பேரு, வீட்டுல பழைய பேருன்னு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நியாபொலிஸ் மாதிரி சில ஊர்ல கிரேக்கப் பேரே நப்லூஸ்னு நின்னுடுச்சு.

கடைசியா ஒண்ணு, எனக்கு இந்த விஷயத்துல பைத்தியம் பிடிச்சதே இதைப் பாத்துதான். கலிலேயாக் கடலுக்குத் தென்கிழக்கே ஹம்மத் காதெர்னு ஒரு வெந்நீர் ஊற்று, ரோமன் காலத்துல இருந்து பெரிய குளியல் கூடம். 662ல அதை ரிப்பேர் பண்ணி ஒரு கல்வெட்டு வச்சாங்க. எழுதினது கிரேக்கத்துல. ஆரம்பத்துல ஒரு சிலுவை. அதுக்கு அடுத்து "அப்தல்லா முஆவியா, அமீருல் முஃமினீன்" காலத்துலன்னு, "நம்பிக்கையாளர்களோட தலைவர்"ங்கிற அரபிப் பட்டத்தையே கிரேக்க எழுத்துல எழுதியிருக்காங்க. தேதி மூணு விதமாப் போட்டிருக்காங்க, பைசாண்டிய வரிக் கணக்கு ஆண்டு, ஊரோட சொந்த ஆண்டு 726, அரபுகளோட ஆண்டு 42. கிரேக்க எழுத்து படிக்கத் தெரியலன்னாலும் பரவால்ல, அந்தக் கல்லோட படத்தைத் தேடி எடுத்து முதல் வரி ஆரம்பத்துல இருக்கிற சிலுவையையும், அதுக்கு அடுத்து முஆவியா பேரையும் விரல் வச்சுப் பாருங்க, அப்புறமா ஜெராஷுக்கு டிக்கெட் போடுங்க.